எதுகை

லான்சிங்குக்குக் கிழக்கே, உப்புத் தெளித்த சாலையோரம்
சன்னல் இல்லாத ஒரு கட்டடம்.
ஜனவரியில் அட்டைப் பெட்டிகளில் குஞ்சுகள் வந்தன,
பொரிந்து ஒரு நாள் ஆனவை.
மார்லிஸ் வாண்டர்கோல்க் ஒவ்வொன்றின் இறக்கையிலும்
எண் தகடு குத்தினாள்.
மூன்றாம் அறைக்கு ஒரு வைரஸ்.
நான்காம் அறைக்கும் அதே வைரஸ்தான்,
இரண்டே எழுத்து வேறு.

அந்த இரண்டு எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
மரபணு என்றால் புரதத்துக்கான கட்டளை என்றுதான்
பள்ளிக்கூடத்தில் படித்தோம்.
இது கட்டளை இல்லை. இருபத்துச் சொச்சம் எழுத்தில்
ஆர்.என்.ஏ.வின் ஒரு துணுக்கு.
எந்தப் புரதமாகவும் ஆகாது.
பொருளின்றி அடியை நிரப்ப வந்த
அசைச்சொல் என்றே நெடுநாள் விட்டுவைத்திருந்தார்கள்.

கோழியின் செல்லுக்குள்ளும் அப்படி ஒன்று உண்டு.
தானாக எதுவும் பேசாது,
பேச வரும் செய்திகளில் சிலவற்றின்
வாயைப் பொத்தும்.
வைரஸ் அதைப் பார்த்து எழுதியிருக்கிறது.
முழுவதும் அல்ல. வால் பகுதி என்னவோ கிறுக்கல்.
தொடக்கத்து எட்டு எழுத்து மட்டும் அச்சு அசல்.
அதிலும் முதலாவது போனால் போகட்டும்,
இரண்டாவதிலிருந்து ஒன்றிவந்தால் போதும்,
செல் ஏமாந்துவிடும்.
இதற்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு.
செய்யுள் எழுதாதவர்களுக்கும் தெரிந்த பெயர்.

ஒலெக்சா, வைரஸ்களைத் திருத்தி எழுதுகிறவள்,
அந்த இடத்தில்தான் கை வைத்திருந்தாள்.

மார்லிஸுக்கு எழுத்துகள் தெரியாது, எடை தெரியும்.
தீவனம், தண்ணீர், வடிகட்டியில் படியும் வெண்தூசி.
இறகின் வேரிலிருந்து உதிர்வது அது.
வைரஸ் அதில் ஏறித்தான் ஊர் போகும்.
ஆகவே குளிக்காமல் யாரையும் வெளியே விடமாட்டார்கள்.
வண்டிவரை நடப்பதற்குள்
அவள் ஈரத் தலைமுடி விறைத்துக் கம்பியாகும்.

ஐந்தாம் வாரம், மூன்றாம் அறையில்,
203 உட்கார்ந்துவிட்டது
ஒரு கால் முன்னே நீட்டி, ஒரு கால் பின்னே நீட்டி,
பாதி தாண்டிய வாய்க்காலில் உறைந்ததுபோல.
பிறகு 211. பிறகு ஒரே நாளில் ஆறு.
திறந்து பார்த்தால் ஈரலெங்கும் மெழுகு சொட்டியிருந்தது.
தொடை நரம்பு ஷூ கயிற்றின் பருமன்.
நான்காம் அறையிலும் ரத்தத்தில் வைரஸ் இருந்தது,
தூசியில் இருந்தது, குறைவில்லாமல் பெருகியது.
கோழிகள் மட்டும் சண்டை போட்டுக்கொண்டு,
தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு,
417 தினமும் அவள் நீலக் கையுறையின்
நடுவிரலை மட்டும் கொத்திக்கொண்டு.

எழுபதாம் நாள் பனி உருகிக் கூரை சொட்டியது.
திட்டத்தில் எழுதியிருந்தபடி
நான்காம் அறையையும் முடித்தார்கள்.
கட்டி இருக்கிறது என்று எழுதக் கத்தி வேண்டும்,
இல்லை என்று எழுதவும் அதே கத்தி.

417. ஈரல் வழுவழுப்பு, பழுப்புச் சிவப்பு.
மண்ணீரல் சரி. இரு நரம்பும் நூல்போல.
ஒலெக்சா முகமூடிக்குள் சிரித்தது கண்ணாடியில் ஆவியாய்த் தெரிந்தது.
மார்லிஸ் கட்டத்தில் சுழியம் போட்டாள்.
அடுத்ததற்கும் சுழியம். அடுத்ததற்கும்.
பக்கம் நிறைய வாய் திறந்த சுழியங்கள்.
எழுத்தில்லாத இந்த எண்தான்
இனி எங்கெங்கோ போய்ப் பேசும் என்று ஒலெக்சா சொன்னாள்.
மார்லிஸ் பேனாவை மூடினாள், குளிக்கப் போனாள்.

வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்டிருக்கிறாள்,
வீட்டில் எந்தப் பறவையும் வளர்ப்பதில்லை என்று.
பக்கத்து வீட்டார் இடவில்லை.
அவர்களுடைய செம்பழுப்புப் பெட்டை
இவள் வண்டி திரும்பும் தடத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது.

ஹாரன் அடிக்கவில்லை அவள். கண்ணாடியை ஏற்றினாள்,
எஞ்சின் ஓட, இருக்கையில் இருந்தபடியே பார்த்தாள்.
பெட்டை அவசரப்படவில்லை.
ஒரு கால்.
பிறகு, மறு கால்.